மழைமானி வைத்தால் மழை கூடுமா?
நியூட்ரினோ பற்றி விவசாயிகள் கேட்டவையும், கேட்க வேண்டியவையும்

"சார், மலைக்குள்ள நியூட்ரினோ வருதுன்னு பேச்சு வந்ததுல இருந்து முருங்கையில பூ நிக்க மாட்டேங்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?"

2015-ஆம் ஆண்டு. அப்போது நான் தேனி மாவட்டத்தில் பணியில் இருந்தேன். ஒரு மாலைநேர விவசாயிகள் கூட்டத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் எழுந்து இப்படிக் கேட்டார். கூட்டம் சிரித்தது. உண்மையைச் சொன்னால், நானும் சிரித்துவிட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் செய்யாதுண்ணே, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு சொட்டுநீர் மானியம் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. மனது கேட்காமல் ஒரு நாள் அவர் தோட்டத்துக்கே போனேன். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த மொட்டுகளில் நாலைந்தைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மொட்டுப்புழு. பூ எடுக்கும் நேரத்தில் தினமும் தண்ணீரும் பாய்ச்சியிருந்தார். பூ கொட்டுவதற்கு இந்த இரண்டுமே போதும். உதிர்ந்த மொட்டுகளைப் பொறுக்கி அழிக்கவும், வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவிகிதக் கரைசல் தெளிக்கவும், தண்ணீரைக் குறைக்கவும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டவர், "இதை அன்னைக்கே வந்து பாத்திருக்கலாமே சார். சிரிச்சுட்டீங்களே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குள் அவர் மனைவி ஒரு சொம்பு மோரோடு வந்தார். "பூ கெடக்கட்டும் சார். மலையில வெடி வெச்சா எங்க கெணத்துல தண்ணி நிக்குமா? அதைச் சொல்லுங்க" என்றார்.

முதல் கேள்விக்கு இயற்பியல் புத்தகத்தில் பதில் உண்டு. இரண்டாவது கேள்விக்கு அந்தக் கிணற்றையும் அந்த மலையையும் அளந்து பார்த்தால்தான் பதில் சொல்ல முடியும். நம் ஊரில் பல ஆண்டுகளாக இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு வருகிறோம். இந்த இதழுக்கு வரும் கடிதங்களிலும் அந்தக் குழப்பம் தெரிவதால், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து எழுதுகிறேன்.

கணக்கில் குறைந்த மூட்டை

களத்தில் நெல்லை அளந்து வண்டியில் ஏற்றுகிறோம். மில்லில் எடை போட்டால் குறைகிறது. ஒரு நாள் 2 கிலோ, மறுநாள் 5 கிலோ, இன்னொரு நாள் அரைக் கிலோ. ஒவ்வொரு நாளும் வேறு வேறு அளவு என்றால் நமக்கு என்ன தோன்றும்? வழியில் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றுதானே?

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் விஞ்ஞானிகளுக்கு வந்த சந்தேகமும் இதுதான். சில அணுக்கள் தாமாகவே சிதைந்து எலக்ட்ரானை வெளியே தள்ளும். சிதைவுக்கு முன்பு இருந்த ஆற்றலும் பின்பு இருந்த ஆற்றலும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு குறைந்தது. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் வுல்ஃப்காங் பாலி என்ற விஞ்ஞானி ஒரு கடிதம் எழுதினார். மின்னேற்றம் இல்லாத, கண்ணுக்கோ கருவிக்கோ சிக்காத ஒரு துகள் அந்த ஆற்றலைக் கொண்டு போகிறது என்று அதில் யோசனை சொன்னார். அதற்கு நியூட்ரினோ என்ற பெயரைப் பரப்பியவர் இத்தாலியின் என்ரிக்கோ ஃபெர்மி. இத்தாலிய மொழியில் 'மின்னேற்றம் இல்லாத சின்னது' என்று பொருள்.

பெயர் வைத்தாயிற்று, ஆனால் பிடிக்க 26 ஆண்டுகள் ஆயின. 1956-இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ரைன்ஸ், கிளைட் கோவன் இருவரும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்து அதைக் கண்டறிந்தார்கள். செய்தியைத் தந்தி மூலம் பாலிக்குத் தெரிவித்தார்கள்.

பொட்டாஷ் மூட்டையிலும் உண்டு

நியூட்ரினோ எங்கோ தொலைவில் இருக்கும் பொருள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பகலில் மேலிருந்து வருகின்றன. இரவில் சூரியன் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது, பூமியையே ஊடுருவிக் கட்டிலுக்கு அடியில் இருந்து வருகின்றன. தஞ்சாவூர் நெல் வயலிலும், கம்பம் திராட்சைப் பந்தலிலும் ஒரே அளவுதான்.

நாம் இடும் பொட்டாஷ் உரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பொட்டாசியம்-40 என்ற வகை கலந்திருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதையும். பெரும்பகுதி கால்சியமாக மாறும், சிறு பகுதி ஆர்கான் வாயுவாக மாறும். எப்படி மாறினாலும், மாறும்போது ஒரு நியூட்ரினோவையோ அதன் எதிர்த்துகளையோ வெளியே அனுப்பும். 50 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 25 கிலோ பொட்டாசியம் இருக்கிறது. ஒரு கிராமுக்கு நொடிக்கு 30 சிதைவு என்று கணக்குப் போட்டால், அந்த ஒரு மூட்டையில் இருந்து நொடிக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் புறப்படுகின்றன. வாழைப்பழத்திலும் இளநீரிலும் கீரையிலும் பொட்டாசியம் உண்டு. அதைச் சாப்பிடும் நம் உடம்பில் இருந்தும் நொடிக்குச் சுமார் நான்காயிரம் கிளம்புகின்றன.

இத்தனை இருந்தும் நமக்கோ பயிருக்கோ ஏன் ஒன்றும் ஆவதில்லை? வெயில் இலையைச் சுடுகிறது என்றால், இலை வெயிலைப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். எக்ஸ்ரே கதிர் உடம்பைப் பாதிக்கும் என்றால், உடம்பில் உள்ள அணுக்களோடு அது மோதுகிறது என்று பொருள். நியூட்ரினோ எதோடும் எளிதில் மோதாது. சூரிய நியூட்ரினோக்களில் பாதியைத் தடுக்க வேண்டுமானால், ஒளி ஓர் ஆண்டு முழுவதும் பயணம் செய்யும் தொலைவுக்கு ஈயச் சுவர் எழுப்ப வேண்டும். மோதாத பொருள் காயப்படுத்தாது.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நியூட்ரான் வேறு, நியூட்ரினோ வேறு. நியூட்ரான் கனமானது. அணுக்களோடு மோதும், உடம்புக்கும் கெடுதல் செய்யும். நியூட்ரான் குண்டு என்று கேள்விப்பட்டவர்கள் நியூட்ரினோவையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள். சாமைக்கும் சாமந்திக்கும் உள்ள உறவுதான் இவை இரண்டுக்கும்.

மலை ஏன் தேவைப்படுகிறது?

வானத்தில் இருந்து காஸ்மிக் கதிர்கள் எப்போதும் பொழிந்துகொண்டே இருக்கின்றன. தரையில் கருவி வைத்தால் அவற்றின் இரைச்சலில் நியூட்ரினோ தெரியாது. வாரச் சந்தைக் கூச்சலில் கைக்கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் கேட்கிற கதைதான். ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் போனால் மற்றவை ஏறக்குறைய எல்லாம் வடிகட்டப்பட்டுவிடும், நியூட்ரினோ மட்டும் தடையில்லாமல் வரும். மலை இங்கே சல்லடை.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு காற்றுமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து இதைச் செய்தது. உலகில் முதன்முதலாக இதைப் பதிவு செய்தவை இந்த ஆய்வும், அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் நடந்த ஆய்வும்தான்.

அமெரிக்காவில் ரேமண்ட் டேவிஸ் என்பவர் ஒரு தங்கச் சுரங்கத்துக்குள், துணி வெளுக்கப் பயன்படும் திரவம் சுமார் 3.8 லட்சம் லிட்டரைத் தொட்டியில் நிரப்பி, சூரிய நியூட்ரினோக்களுக்காகக் காத்திருந்தார். முப்பது ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் சுமார் 2,000. வர வேண்டிய கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குதான். அவர் எண்ணியது தவறு என்றே பலர் நினைத்தார்கள்.

தவறு அவருடையது இல்லை. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. போகும் வழியிலேயே ஒரு வகை இன்னொரு வகையாக மாறிவிடும். சிவப்புத் துண்டு போட்டவர்களை மட்டும் எண்ணச் சொல்லி ஒருவரை ஊர் எல்லையில் நிறுத்தினோம், வருகிறவர்களோ வழியிலேயே துண்டை மாற்றிக்கொண்டார்கள் என்றால், எண்ணுகிறவர் என்ன செய்வார்? ஜப்பானில் மலைக்கு அடியில் 50,000 டன் தண்ணீர் நிரப்பிய சூப்பர் கமியோகாண்டே 1998-இலும், கனடாவில் நிக்கல் சுரங்கத்தில் 1,000 டன் கனநீர் வைத்த சட்பரி ஆய்வகம் 2001, 2002-ஆம் ஆண்டுகளிலும் இந்த மாற்றத்தை உறுதி செய்தன. வகை மாற வேண்டுமானால் எடை இருக்க வேண்டும். ஆகவே, எடையே இல்லை என்று நினைத்திருந்த நியூட்ரினோவுக்கு மிகச் சிறிய எடை உண்டு என்று தெரிந்தது. டேவிஸுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொட்டிப்புரத்தில் திட்டமிட்டது என்ன?

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரி மாவட்டம் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் 2009-இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. பிறகுதான் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே உள்ள போடி மேற்கு மலை தேர்வானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய்.

மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள குகை, அதற்குள் 50,000 டன் இரும்புத் தகடுகளால் ஆன காந்தக் கருவி. இதுதான் திட்டம். காற்றுமண்டலத்தில் இயற்கையாக உருவாகி வரும் நியூட்ரினோக்கள் அந்த இரும்பில் மோதுவதைப் பதிவு செய்வதே அதன் வேலை. நியூட்ரினோவை உற்பத்தி செய்யவோ ஈர்த்து இழுக்கவோ அந்தக் கருவியால் முடியாது. வேளாண் விரிவாக்க மையத்தில் மழைமானி வைத்திருக்கிறோம். மழைமானி வைத்த ஊரில் மழை கூடுகிறதா? பெய்ததை அளக்கிறது, அவ்வளவுதான்.

நம் பெரியவர் முருங்கைப் பூவைப் பற்றிக் கேட்ட அன்று அங்கே சுரங்கம் ஓர் அடிகூட வெட்டப்படவில்லை. பிறகும் வெட்டப்படவில்லை. வழக்குகள் நடந்தன. 2018-இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால், தேசிய வன உயிரின வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. 2022 பிப்ரவரியில், இந்த மலையில் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

நான் அரசு ஊழியன். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல இதை எழுதவில்லை. எதைக் கண்டு பயப்பட வேண்டாம், எதை விடாமல் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதே நோக்கம்.

அந்த அம்மா கேட்ட கேள்வி

நம் கிணறுகளில் பெரும்பாலானவை பாறைக் கிணறுகள். பாறை தண்ணீரைக் குடிக்காது. பாறையில் உள்ள வெடிப்புகள் வழியாகத்தான் ஊற்று வருகிறது. மலைக்குள் குடையும்போது அப்படி ஒரு வெடிப்பு வெட்டுப்பட்டால், அதில் வரும் தண்ணீர் திசை மாறலாம். பொட்டிப்புரம் மலை வெடிப்புகள் குறைந்த சார்னோகைட் என்ற கடினப் பாறை, அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று திட்டத்தார் சொன்னார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கை வைக்கக் கூடாது என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். வாதம் முழுக்க முழுக்கப் பாறையையும் தண்ணீரையும் பற்றியது.

இத்தாலியில் கிரான் சாஸோ என்ற மலைக்கு அடியில் பெரிய ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அந்த மலை சுற்றுவட்டார மக்களுக்குக் குடிநீர் தரும் மலை. 2002 ஆகஸ்டில், நியூட்ரினோ ஆய்வுக்கு வைத்திருந்த கரிமத் திரவம் சுமார் 50 லிட்டர் சிந்தி, பக்கத்து ஓடையில் கலந்தது. மக்கள் கொதித்தார்கள். நீதிமன்றம் தலையிட்டது. ஆய்வின் ஒரு பகுதி நெடுநாள் நின்றுபோனது. நியூட்ரினோ அங்கே யாரையும் தொடவில்லை. தண்ணீரைக் கெடுத்தது தொட்டியில் இருந்து சிந்திய திரவம். பொட்டிப்புரத்துக்குத் திட்டமிட்ட கருவியில் அப்படிப்பட்ட திரவத் தொட்டி கிடையாது, இரும்பும் சில வாயுக்களும்தான். ஆனால் பாடம் ஒன்றுதான்: துகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தால், திரவத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவோம்.

இலைப்பேனுக்குப் பூஞ்சாண மருந்து அடித்தால் காசும் போகும், பயிரும் போகும். இதுவும் அப்படித்தான். "நியூட்ரினோ வந்தால் பயிர் கருகும்" என்று மனு கொடுத்தால், அதை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை வெடி, எவ்வளவு தூரத்தில் என் கிணறு, அதிர்வை யார் அளப்பார்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மலையைக் குடைந்து சாலை, குவாரி, அணைச் சுரங்கம், ஆய்வகம் என்று எது வந்தாலும், பக்கத்தில் நிலம் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை இவை:

1. இன்றே கிணற்று நோட்டு ஒன்று போடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரே தேதியில், கயிற்றில் கல் கட்டி இறக்கி, தரைமட்டத்தில் இருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று எழுதுங்கள். அன்று மோட்டார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். பக்கத்தில் அந்த மாத மழையளவையும் குறியுங்கள். ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால்தான், பின்னால் தண்ணீர் இறங்கும்போது அது மழையால் வந்ததா வெடியால் வந்ததா என்று காட்ட முடியும்.

2. கிணற்றுத் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

3. கிணற்றுச் சுவர், வீட்டுச் சுவர், தொட்டி ஆகியவற்றை வேலை தொடங்கும் முன்பே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

4. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், கிராம சபை இரண்டுக்கும் போங்கள். கேள்வியை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

5. வெட்டி எடுக்கும் கல்லை எங்கே கொட்டுவார்கள், தூசி எந்தப் பக்கம் பறக்கும், லாரி எந்த வழியில் போகும், வேலைக்கான தண்ணீர் எங்கிருந்து வரும், மேய்ச்சல் பாதை அடைபடுமா, கருவியில் உள்ள வாயு கசிந்தால் என்ன ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: வெளிநாட்டில் இருந்து பூமி வழியாக நியூட்ரினோக் கற்றையை அனுப்புவார்களாமே? மேலே பயிர் செய்ய முடியுமா?

பதில்: அனுப்பும் நாடுகள் இருக்கின்றன. ஜப்பானில் டோக்காய் என்ற கடலோர ஊரில் இருந்து 295 கிலோமீட்டர் தள்ளியுள்ள கமியோகா மலைக்கு 2010 முதல் தரைக்கு அடியில் அனுப்புகிறார்கள். அந்தப் பாதைக்குக் குழாய்கூடத் தேவையில்லை, மண்ணுக்குள்ளேயே போய்விடும். மேலே மக்கள் வழக்கம்போல வாழ்கிறார்கள், விவசாயமும் நடக்கிறது.

கேள்வி: கருவுற்ற பெண்களுக்கும் கால்நடைகளுக்கும் பாதிப்பு உண்டா?

பதில்: நியூட்ரினோவால் கிடையாது. உலகில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு கன்றும் இதே நியூட்ரினோ மழையில்தான் வளர்ந்தன. பாறைத் தூசி, வெடிச்சத்தம் ஆகியவற்றால் பாதிப்பு வரலாம். சினை மாடுகளை வெடி வைக்கும் இடத்தில் இருந்து தள்ளிக் கட்டுவது நல்லது.

கேள்வி: இதனால் விவசாயிக்கு என்ன லாபம்?

பதில்: நேரடியாக எதுவும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். சூரியனின் நடுவில் என்ன எரிகிறது, பூமிக்குள் இருக்கும் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை அறிய நியூட்ரினோ உதவுகிறது. அந்தச் சூரியனை நம்பித்தான் நாம் விதைக்கிறோம் என்பதால், தெரிந்துகொள்வதில் நஷ்டம் இல்லை.

கேள்வி: பொட்டாஷ் மூட்டையில் அணுச் சிதைவு என்கிறீர்களே, வீட்டுக்குள் வைக்கலாமா?

பதில்: சிதைவின் அளவு மிகக் குறைவு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் எந்த உரத்தையும் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் சமையல் பொருட்களோடும் வைக்காதீர்கள். ஈரம் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். மண் பரிசோதனைப்படி இடுங்கள்.

முருங்கைத் தோட்டத்துப் பெரியவர் அடுத்த பருவத்தில் என்னைத் தேடி வந்து காய் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனைவி கிணற்று நோட்டு போடத் தொடங்கியிருந்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் பேத்தி கோடு போட்டுக் கொடுத்திருந்தாள். தேதி, அடி, மழை என்று மூன்று கட்டங்கள். அந்தக் கிணற்றைப் பற்றி அதைவிட நம்பகமான ஆவணம் எந்த அலுவலகத்திலும் கிடையாது.

இப்போதெல்லாம் கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் நான் சிரிப்பதில்லை. கேட்டவரின் தோட்டத்தை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.